வாள் பூணில் யார் வீட்டுச் சின்னம்? ஜப்பானியக் குலச்சின்னங்களைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏலத் தளங்களில் பழைய ஜப்பானிய வாள் பூண்களை, அதாவது வாளின் பிடியிலும் உறையிலும் மாட்டும் உலோகப் பாகங்களை, தேடிப் பாருங்கள். ‘டோக்குகாவா ஷோகன் சின்னம்’, ‘சாமுராய் பிரபு வீட்டு முத்திரை’ என்று தலைப்புப் போட்ட சாமான்கள் வரிசை கட்டி நிற்கும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம். சின்னத்தின் பெயர் தெரிந்துவிட்டால் சொந்தக்காரரின் பெயரும் தெரிந்துவிட்டது என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். இந்தத் துறைக்குள் வருகிறவர் முதலில் கைவிட வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான். சின்னத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது எந்தக் குடும்பத்துடையது என்று சொல்வது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலை சீக்கிரம் பழகிவிடும். இரண்டாவதற்குச் சின்னத்தை விட்டுவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் உலோகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கொஞ்சம் பின்னணி. ஜப்பானியக் குலச்சின்னத்துக்குக் கமொன் என்று பெயர். சேகரிப்பவர்கள் சுருக்கமாக மொன் என்பார்கள். கியோட்டோ அரசவைப் பிரபுக்கள் தங்கள் மாட்டு வண்டிகளில் போட்டுக்கொண்ட அடையாளமாகத் தொடங்கி, போர்க்களத்துக் கொடிகளுக்கு வந்து, டோக்குகாவா குடும்பத்து ஷோகன்கள் (படைத்தலைவர்களாக இருந்த ஆட்சியாளர்கள்) எடோவில், இன்றைய டோக்கியோவில், இருந்து ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) மேலாடை, விளக்கு, பெட்டி, வாள் என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. அதற்குள் அது சாமுராய்களின் தனிச்சொத்தாகவும் இல்லை. வணிகர்களும் விவசாயிகளும் கபுகி நடிகர்களும் சின்னம் வைத்துக்கொண்டார்கள். வசதியுள்ள வணிகர் குட்டை வாள் செருகிக்கொள்ளவும் செய்தார். ஆகவே சின்னம் இருக்கிறது என்பதற்காக அது சாமுராய் வீட்டுப் பொருள் என்று ஆகிவிடாது.

1871இல் சிற்றரசுகள் கலைக்கப்பட்டன. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதே தடை செய்யப்பட்டது. இடுப்பில் இருந்த வாளுக்கு வேலை போனதும், பூண்கள் கழற்றி விற்கப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாகப் போயின. இன்று நம் கைக்கு வரும் பூண் பெரும்பாலும் வாளை விட்டுப் பிரிந்து, ஜோடியை விட்டுப் பிரிந்து, குடும்பத்தின் பெயரையும் தொலைத்துவிட்டு வந்ததுதான்.

கையில் இருப்பது எந்தப் பூண்?

பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தட்டு ட்சுபா. பிடியின் வாய்ப்பக்கத்தில், உலக்கைக்குப் பூண் போட்டதுபோல் வளைத்துப் பிடித்திருப்பது ஃபுச்சி. பிடியின் மறுமுனையில் தொப்பி போல் இருப்பது கஷிரா. பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கும் சிறு உருவங்கள் மெனுகி. இவை இரண்டாக வரும். உறையின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சின்னக் கத்தியின் கைப்பிடி கொசுகா. அதற்கு எதிர்ப்பக்கம் செருகும் கொண்டை ஊசி போன்றது கோகாய். உறையின் நுனிப் பூண் கொஜிரி.

இந்தப் பெயர்கள் எதற்கு என்றால், சின்னம் எந்தப் பூணில் இருக்கிறது என்பதே பாதிக் கதை சொல்லிவிடும். ட்சுபாவைக் கழற்றி வேறு வாளுக்கு மாட்டுவது சர்வசாதாரணமாக நடந்தது. அதன் நடுவில் அலகின் வால் நுழையும் துளையைப் பாருங்கள். மேலும் கீழும் செம்புத் துண்டு அடைத்து அளவு சரிசெய்திருந்தால் அது பல வாள்களில் இருந்து வந்திருக்கலாம். ஃபுச்சி அப்படியல்ல. அது ஒரு பிடிக்கென்று அமைந்தது. குடும்பம் தன் சின்னத்தைப் போட விரும்பிய இடமும் அதுதான். என்னைக் கேட்டால், ட்சுபாவில் ஒரு சின்னமும் ஃபுச்சியில் வேறு சின்னமும் இருந்தால் ஃபுச்சி சொல்வதைத்தான் முதலில் கேட்பேன்.

துடைக்காதீர்கள்

பூண் அழுக்காக இருந்தால் கை துறுதுறுக்கும். பித்தளை பாலிஷ், புளி, எலுமிச்சை, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். ஷக்குடோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்த உலோகம். அதன் நீலம் ஓடிய கறுப்பு நிறம் ரசாயனத்தில் ஊறவைத்து வரவழைத்த மெல்லிய படலம்தான். ஒரு தடவை பாலிஷ் போட்டால் கீழே இருக்கும் செம்பு பல்லிளிக்கும். இரும்பு ட்சுபாவின் பழுப்புக் கறுப்பும் அதுபோலத்தான். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும்.

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து விழவைத்து, நான்கு திசையிலும் திருப்பித் திருப்பிப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் நரம்புக் கோடுகள் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து வரும். நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னமா, அலங்காரமா?

பூ இருந்தால் அது சின்னம் என்று அர்த்தமில்லை. ஜப்பானியப் பொற்கொல்லர்கள் பூவையும் பறவையையும் சலிக்காமல் செதுக்கியவர்கள். சின்னமாக இருக்கும் பூ சமச்சீராக இருக்கும்; எதிரே நின்று பார்ப்பதுபோல் முகம் காட்டும்; தனியாக, பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள் அடங்கும்; அச்சுக் குத்தியதுபோல் ஒரே அளவில் இரண்டு மூன்று முறை வரும். அலங்காரப் பூ காற்றில் சாயும், பக்கவாட்டில் திரும்பும், ஒரு மொட்டும் ஓரிரு இலையும் கூட்டிக்கொண்டு வரும்.

புதியவர்களை ஏமாற்றும் சில உண்டு. ட்சுபாவின் விளிம்பு நான்கு இதழாக வளைந்திருந்தால் அதற்கு மொக்கோ வடிவம் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டுப் போர்ப்பிரபு ஓடா நோபுனாகாவின் சின்னமும் மொக்கோ வகைதான். அதற்காக அந்த வடிவ ட்சுபா எல்லாம் ஓடா வீட்டுடையது ஆகாது. அஓய் (இதய வடிவ இலையுள்ள ஒரு செடி) வடிவம், கிக்கு (சாமந்தி) வடிவம் என்று விளிம்புக்குப் பெயர் வைத்திருப்பதும் இப்படித்தான். இதய வடிவத்தில் துளைகள் இருந்தால் அது ‘காட்டுப்பன்றிக் கண்’ என்னும் பழைய அலங்காரம். ட்சுபாவின் ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டு சிறு வட்டத் துளைகள் இருந்தால் அவை நட்சத்திரச் சின்னம் அல்ல, தோல் கயிறு கோக்கும் துளைகள். செங்குத்துக் கோடுகள் ஐந்து நின்று, அவற்றில் சில மேலே இணைந்திருந்தால், நறுமண விளையாட்டில் இருந்து வந்த ‘கெஞ்சி-கோ’ என்னும் குறியாக இருக்கக்கூடும்.

இன்னொரு வகை ட்சுபாவைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரும்புத் தட்டில் சுற்றிலும் பித்தளை வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நுணுக்கமாகத் துளைவெட்டிய வெவ்வேறு குலச்சின்னம், இடைவெளியில் கொடி வேலைப்பாடு. இவற்றை யோஷிரோ வகை என்பார்கள். ஏழெட்டுக் குடும்பச் சின்னங்கள் ஒரே ட்சுபாவில் இருந்தால் அது எந்தக் குடும்பத்துடையதும் அல்ல. சின்னங்களையே அலங்காரமாக்கிய வேலை அது. அழகான சாமான். ஆனால் ‘ஏழு பிரபுக்களின் கூட்டணி’ என்று யாராவது கதை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சின்னத்தைப் பிரித்துப் படியுங்கள்

சின்னம்தான் என்று உறுதியானதும், உடனே பட்டியலைப் புரட்ட வேண்டாம். பார்த்ததைத் தாளில் வார்த்தையாக எழுதுங்கள். முதலில் வெளிச்சுற்று: வட்டம் இருக்கிறதா, மெல்லியதா தடித்ததா, இல்லை சதுரமா, அறுகோணமா? அடுத்து உள்ளே இருப்பது: இலையா, பூவா, இறகா, வட்டமா, கோடா? பிறகு எண்ணிக்கை. கடைசியாக அமைப்பு: குறுக்கே கிடக்கிறதா, தழுவிக்கொண்டிருக்கிறதா, தொங்குகிறதா, சுழல்கிறதா?

ஜப்பானியப் பெயர்களும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ‘மாரு நி’ என்றால் வட்டத்துக்குள். ‘சிகாய்’ என்றால் குறுக்கிட்டது, ‘டாக்கி’ தழுவியது, ‘சகாரி’ தொங்குவது, ‘மிட்சு’ மூன்று, ‘கென்’ வாளலகு. வட்டத்துக்குள் இரண்டு பருந்திறகு குறுக்கே கிடந்தால் ‘மாரு நி சிகாய் டாக்கானோஹா’. இந்தப் பத்துப் பதினைந்து சொற்கள் பழகிவிட்டால், நீங்கள் எழுதிய வருணனையே தேடுசொல்லாக மாறிவிடும். அலைபேசிப் படத்தேடலும் உதவும்தான். ஆனால் அது ‘கிட்டத்தட்ட’ ஒத்துப்போவதைக் காட்டும். இந்தத் துறையில் கிட்டத்தட்ட என்பது வேறு குடும்பம்.

பரவலாகப் பயன்பட்ட ஐந்து சின்னங்களை ஜப்பானியர்கள் ‘ஐந்து பெரும் சின்னங்கள்’ என்று சேர்த்துச் சொல்வார்கள்: விஸ்டீரியாக் கொத்து, கிரி மரத்தின் இலையும் பூவும், பருந்திறகு, மொக்கோ, கட்டபாமி. இவற்றை முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள். கட்டபாமி வேறொன்றும் இல்லை, நம் ஊரில் தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் புளியாரையின் இலைதான். பிடுங்கப் பிடுங்க வளரும் செடி என்பதால் வம்சம் தழைக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

எண்ணுங்கள், தலைகீழாகவும் பாருங்கள்

பெரும்பாலான குழப்பங்கள் எண்ணாமல் விடுவதால் வருபவை. நடுவில் ஒரு சிறிய வட்டம், சுற்றிலும் ஐந்து வட்டம் இருந்தால் பெரும்பாலும் அது ப்ளம் பூ. கானசாவாவில் ஆண்ட மாயெதா குடும்பத்தின் சின்னம் இந்த இனம். இதழ்களுக்கு நடுவே கூரான அலகுகள் இருக்கும். சுற்றிலும் ஆறு என்றால் ஏழு நட்சத்திரம்; தனுமா குடும்பத்தார் வைத்திருந்தது. சுற்றிலும் எட்டு என்றால் ஒன்பது நட்சத்திரம், ‘குயோ’. தேய்ந்த ஃபுச்சியில் ஐந்தையும் ஆறையும் குழப்புவது ரொம்பச் சுலபம். லென்ஸ் வைத்து ஊசிமுனை போன்ற குச்சியால் சுட்டி எண்ணுங்கள், உலோகத்தைத் தொடாமல்.

கிரி சின்னத்தில் மூன்று இலைகளுக்கு மேலே மூன்று பூங்கொத்து நிற்கும். நடுக்கொத்தில் ஐந்து பூ, இரு பக்கமும் மூன்று மூன்று என்றால் ‘5-3 கிரி’. நடுவில் ஏழு, பக்கத்தில் ஐந்து ஐந்து என்றால் ‘5-7 கிரி’. இரண்டாவதற்கு அந்தஸ்து அதிகம். பேரரசர்கள் அஷிகாகா ஷோகன்களுக்கு அளித்து, 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஒன்றிணைத்த டொயொடோமி ஹிதெயோஷி வரை வந்து, இன்று ஜப்பானிய அரசாங்கத்தின் சின்னமாக நிற்பது இந்த வகை. 500 யென் நாணயத்திலும் கிரியைப் பார்க்கலாம். ஹிதெயோஷி தன் ஆட்களுக்கு இதைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தார். அதனால் கிரியைப் பார்த்ததும் ‘ஹிதெயோஷியின் வாள்’ என்று துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை.

மூன்று இலைச் சின்னங்களில் டோக்குகாவாவின் அஓய், புளியாரை, கஷிவா (ஒருவகை ஓக் மரம்) மூன்றையும் பிரிக்கத் தெரிய வேண்டும். அஓய் இலைகள் வட்டத்தை நிறைத்து, நுனிகள் நடுவில் கூடும். ஒவ்வொரு இலையிலும் விசிறிபோல் நரம்புகள் நெருக்கமாக ஓடும். புளியாரையிலும் இதய வடிவ இலைகள் நடுவில் சேரும். ஆனால் இலை கொழுகொழுவென்று இருக்கும், நரம்பு குறைவு. இலைகளுக்கு இடையில் சிறு விதைகளோ வாளலகுகளோ எட்டிப் பார்க்கும். சக்காய் குடும்பத்தாருடையது அது. கஷிவா இலை நீளமானது, விளிம்பு அலையலையாக இருக்கும், நுனி வெளியே பார்க்கும். டோசாவின் யாமாவுச்சி குடும்பச் சின்னம் இந்த மூன்று கஷிவா இலைகள்தான். டோசாக்காரரான இவாசாக்கி யாட்டாரோ தன் குடும்பத்தின் சாய்சதுரங்களோடு இதைக் கலந்துதான் மிட்சுபிஷியின் சின்னம் பிறந்தது.

திசையும் முக்கியம். சோஷுவின் மோரி குடும்பச் சின்னத்தில் மேலே ஒரு படுக்கைக் கோடு, கீழே மூன்று உருண்டை. வாத்தனாபே குலத்துச் சின்னத்தில் உருண்டைகள் மேலே, கோடு கீழே. கழற்றிய பூணை எப்படிப் பிடித்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று மற்றொன்றாகிவிடும் என்று தோன்றும். ஆனால் உருண்டைகளைப் பாருங்கள்: இரண்டு சின்னத்திலும் மேலே ஒன்று, கீழே இரண்டு என்றுதான் அடுக்கியிருக்கும். மேலே இரண்டு, கீழே ஒன்று என்று தெரிந்தால் பூணைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தொங்கும் விஸ்டீரியாவும் தழுவிய மியோகா இஞ்சி மொட்டும் இதேபோல் தலைகீழில் ஏமாற்றும். விஸ்டீரியாவில் இரு கொத்துகளும் சிறு பூக்கள் அடுக்கியதாக இருக்கும். மியோகா மொட்டுகள் மடல் மடலாக மூடியிருக்கும்.

ஒன்பது நட்சத்திரத்தால் விழுந்த கொலை

சின்னங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இன்றைய சேகரிப்பாளருக்கு மட்டும் தலைவலி அல்ல. 1747இல் எடோ கோட்டைக்குள், கழிப்பறைப் பக்கம், குமாமொட்டோவின் பிரபு ஹோசொகாவா முனெதாகா வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவர் இத்தாகுரா கட்சுகானே. அவருக்கும் ஹோசொகாவாவுக்கும் பகையே கிடையாது. அவர் குறிவைத்தது தன் சொந்தக் குலத்தின் தலைவரை. இத்தாகுரா சின்னம் நடுவில் ஒன்று, சுற்றி எட்டு என்று அமைந்த ஒன்பது சுழிகள்; ஹோசொகாவா சின்னம் அதே அமைப்பில் ஒன்பது வட்டங்கள். முதுகில் இருந்த சின்னத்தைப் பார்த்து ஆள் மாறாட்டமாக வெட்டிவிட்டார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

அதற்குப் பிறகு ஹோசொகாவா வீட்டார் சுற்றியிருந்த எட்டு வட்டங்களையும் சிறியதாக்கி, நடுவட்டத்தில் இருந்து விலக்கி வைத்தார்கள். உடையில் வழக்கமான ஐந்து இடங்களோடு இன்னும் இரண்டு இடங்களிலும் சின்னத்தைப் போட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள்.

பூண் படிப்பவருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு குயோ வந்தால் நடுவட்டத்துக்கும் சுற்று வட்டங்களுக்கும் அளவு ஒன்றா, இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வட்டங்கள் விலகிச் சிறுத்திருந்தால் ஹோசொகாவாவின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். கொஞ்சம்தான். குயோவை சிபா குலத்தாரும் வைத்திருந்தார்கள், செண்டாயின் தாத்தே குடும்பமும் தன் பல சின்னங்களில் ஒன்றாக வைத்திருந்தது. அந்தப் பூண் ஹோசொகாவா ஆட்சிப் பகுதியான ஹிகோ பாணி இரும்பு வேலையாகவும் இருந்துவிட்டால், அப்போது தைரியமாக ‘ஹோசொகாவாவோடு தொடர்புடையதாக இருக்கலாம்’ என்று எழுதலாம்.

பெயரில் இருந்து குடும்பத்துக்கு

இங்கே உதவிக்கு வருவது புக்கான் என்னும் பழைய கையேடுகள். எடோ நகரத்தில் தனியார் பதிப்பாளர்கள் மரஅச்சில் அடித்து விற்ற பிரபுக்கள் பட்டியல் இவை. ஒவ்வொரு டைமியோவின் (பிரபுவின்) பெயர், வருமானம், மாளிகை இருக்கும் இடம், ஊர்வலத்தில் தூக்கும் ஈட்டியின் வடிவம், கூடவே குலச்சின்னம் எல்லாம் இருக்கும். திரும்பத் திரும்பப் புதுப்பித்து வெளியிட்டதால், எந்தக் குடும்பம் எந்தக் காலத்தில் எந்தச் சின்னத்தைக் காட்டியது என்று ஒப்பிட முடியும். ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் இவற்றின் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஜப்பானியம் படிக்கத் தெரியாவிட்டாலும் படத்தை ஒப்பிடுவதற்குத் தடையில்லை.

டைமியோ வீடுகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சின்னம் வைத்திருந்தன. முதன்மைச் சின்னம் ஒன்று, மாற்றுச் சின்னங்கள் சில. கிளைக் குடும்பம் பிரியும்போது வட்டம் சேர்ப்பது, இறகின் மேல்கீழை மாற்றுவது என்று சிறு வேறுபாடு செய்துகொள்வதும் உண்டு. சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் ஒரே சின்னத்தைப் பயன்படுத்தின. குறுக்கிட்ட பருந்திறகு ஹிரோஷிமாவின் அசானோ, ஃபுகுயாமாவின் அபே உட்படப் பல வீடுகளின் சின்னம். 1701இல் எடோ கோட்டையில் வாளை உருவிய ஆக்கோவின் அசானோவும் இதே குலம். அதனால் இந்த இறகைக் கண்ட இடமெல்லாம் ‘47 ரோனின்’ (அவருக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்கள்) என்று விலைச்சீட்டில் எழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஓரளவு நிம்மதி தரும் சின்னங்களும் உண்டு. வட்டத்துக்குள் சிலுவைக் குறி என்றால் சட்சுமாவின் ஷிமாசு. மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு காசுகள் என்றால் சனாதா. இறந்தவர் மறுமை ஆற்றைக் கடக்கக் கொடுக்கும் கூலி அது. வட்டத்துக்குள் ஸ்வஸ்திகம் என்றால் அவாவின் ஹச்சிசுகா நினைவுக்கு வர வேண்டும். இவற்றிலும் பிரபு வேறு, பிரபு கொடுத்த பரிசை வாங்கிய ஊழியர் வேறு. தன் சின்னம் பொறித்த வாளைப் பிரபு ஊழியருக்கு அளிப்பது பெரிய கௌரவம். ஆக, சின்னம் கொடுத்தவருடையது, வாள் வாங்கியவருடையது.

உலோகம் சொல்வது

எடோ கோட்டைக்கு அலுவலாகப் போகும் சாமுராயின் இரட்டை வாளுக்கு ஒரு சீருடை போன்ற ஒழுங்கு இருந்தது. உறை கறுப்பு அரக்கு. பிடியில் வெள்ளைத் திருக்கைத் தோல், மேலே கறுப்பு நாடா. கஷிரா கறுப்பு அரக்கு பூசிய கொம்பு. ஃபுச்சி ஷக்குடோ, அதன் மேல் மீன்முட்டை போல் நெருங்கிய நனாகோ மணிகள், நடுவில் தங்கத்தில் குடும்பச் சின்னம். கண்ணைப் பறிக்காத, அடக்கமான அலங்காரம்.

இப்படி ஒரு ஃபுச்சி கிடைத்தால் கஷிரா தொலைந்துபோய்விட்டது என்று கவலைப்பட வேண்டாம். அது கொம்பில் செய்தது. பூச்சி அரித்தோ உடைந்தோ போயிருக்கும், அல்லது பிடியோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். ஜோடியில்லாத இந்த ஃபுச்சிதான் ‘இது உண்மையிலேயே ஒருவர் தன் குடும்பச் சின்னமாக அணிந்தது’ என்று சொல்வதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. மலிவாகவும் கிடைக்கும், ஏனென்றால் ஜோடி இல்லையே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

டாச்சி என்னும் தொங்கவிடும் சடங்கு வாளின் பூண்களில் சின்னம் பல இடங்களில் இறைந்து கிடக்கும். உறையின் அரக்கிலும் தங்கப் பொடியால் அதே சின்னம் வரும். பரிசாகவும் காணிக்கையாகவும் கொடுக்கப்பட்டவை இவற்றில் நிறைய.

சாமந்திச் சின்னம் தனியாகச் சொல்ல வேண்டியது. பேரரசர் கொதோபா (1180–1239) சாமந்தியை விரும்பித் தன் வாள்களில் பொறித்தார் என்பது பழைய மரபு. 16 இதழ்ச் சாமந்தி அரச குடும்பத்துக்கு மட்டும் என்று சட்டம் போட்டு இறுக்கியது ஷோகன் ஆட்சிக்குப் பிறகு வந்த மெய்ஜி அரசு, 1869லும் 1871லும். எடோ காலத்துப் பூணில் சாமந்தி இருந்தால் அது அழகுக்காக வைத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதழை எண்ணுங்கள், பன்னிரண்டும் பத்தும்கூட வரும். தண்ணீரின் மேல் பாதிச் சாமந்தி மிதந்தால் அது 14ஆம் நூற்றாண்டுப் போர்வீரர் குசுனொகி மசாஷிகேயோடு சேர்த்துப் பேசப்படும் கிக்குசுயி.

போலியும் பிற்சேர்க்கையும்

அதிகம் போலி செய்யப்படுவது டோக்குகாவா அஓய். 18ஆம் நூற்றாண்டிலேயே ஷோகன் அரசு மற்றவர்கள் இதைப் பயன்படுத்தத் தடை போட்டது. அந்த அளவுக்கு மதிப்பு, அந்த அளவுக்கு ஆசை. டோக்குகாவா என்று ஒரே குடும்பமும் இல்லை: ஓவாரி, கிஷு, மிட்டோ என்று மூன்று பெரிய கிளைகள், அதற்குக் கீழே மட்சுதாய்ரா வீடுகள். இலை நரம்புகளின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியது. ஹொண்டா குடும்பத்தின் அஓய் காம்போடு நிமிர்ந்து நிற்கும். அதையும் ஷோகன் சின்னம் என்று விற்பவர்கள் உண்டு.

லென்ஸை எடுத்து நனாகோவைப் பாருங்கள். கிண்ண முனை உளியால் ஒவ்வொரு மணியாக அடித்தது என்றால் ஒவ்வொன்றும் தனித்தனி உருண்டையாக, வரிசை பிசகாமல் நிற்கும். சின்னத்தின் விளிம்புக்கு வந்ததும் சுத்தமாக நிற்கும். வார்ப்பில் எடுத்த நகலில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று இருக்கும், இடுக்குகளில் குமிழ்த் துளைகள் தெரியும். சின்னத்தைச் சுற்றி மணிகள் நசுங்கியிருந்தால் பின்னால் யாரோ சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. புடைத்து நிற்கும் பகுதிதான் முதலில் தேய வேண்டும். சுற்றியுள்ள தளம் தேய்ந்து வழவழப்பாக இருக்க, நடுவில் சின்னம் மட்டும் கூர்மை குறையாமல் தங்கம் மின்ன நின்றால், இரண்டும் சேர்ந்து வாழவில்லை என்று பொருள். நேர்மையாக வயதான பூணில் சின்னத்தின் மேடான இடங்களில் தங்கம் போய் அடியில் இருக்கும் உலோகம் தெரியும். ‘தேய்ந்திருக்கிறதே’ என்று விலை பேசலாம். தேய்மானத்தைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள்.

இராணுவ வாள்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1934க்குப் பிறகு வந்த இராணுவ அதிகாரிகளின் வாளில் காணப்படும் செர்ரிப் பூக்கள் குடும்பச் சின்னம் அல்ல, படையின் அலங்காரம். ஆனால் பிடியின் தலைப்பூணில் சிறிய வெள்ளிச் சின்னம் ஒன்று தனியாகப் பதித்திருந்தால் அது அந்த அதிகாரியின் குடும்பத்துடையது. போரில் கைப்பற்றிய வாளைக் குடும்பத்திடம் திருப்பித் தர நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பரவலான சின்னமாக இருந்தால் அது மட்டும் போதாது. பிடியின் உள்ளே, அலகின் வாலில் பெயரோ எழுத்தோ இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும்.

குறிப்பு எழுதுவதும் முதல் கொள்முதலும்

கண்டுபிடித்ததை மூன்று வரியாகப் பிரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி கண்ணால் பார்த்தது: ‘ஃபுச்சி, ஷக்குடோ, நனாகோ, தங்கத்தில் வட்டத்துக்குள் குறுக்கிட்ட இரு பருந்திறகு, வலது இறகு மேலே’. இரண்டாவது சின்னத்தின் பெயர். மூன்றாவது அதைப் பயன்படுத்திய குடும்பங்கள், எத்தனை தெரிகிறதோ அத்தனையும். மூன்றாவது வரியில் ஒரே பெயரை எழுதக் கை போனால், மற்றவர்களை எதை வைத்து நீக்கினீர்கள் என்று பக்கத்தில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் பெயர்கள் எல்லாம் இருக்கட்டும்.

1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் பூண்களுக்கும் சான்றிதழ் தருகிறது. டோக்கியோவின் சுமிதா பகுதியில் இருக்கும் வாள் அருங்காட்சியகம் அவர்களுடையதுதான். அந்தச் சான்றிதழ் வேலைப்பாட்டையும் பட்டறை மரபையும் பற்றிப் பேசும். சின்னத்தின் சொந்தக்காரர் இன்னார் என்பதற்கு அதை ஆதாரமாக நீட்டினால் ஏற்க வேண்டாம். பார்த்துப் பழக, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இரண்டின் இணையத் தொகுப்புகளும் போதும்.

முதல் பூண் வாங்கும்போது அஓயையும் சாமந்தியையும் தாண்டிப் போய்விடுங்கள். பருந்திறகோ புளியாரையோ போட்ட, ஜோடியில்லாத, தேய்ந்த ஷக்குடோ ஃபுச்சி ஒன்று எடுங்கள். உள்பக்கத்துச் செம்புத் தகட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். கையெழுத்து இருந்தால் அங்கேதான் இருக்கும். கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அலகின் வால் நுழைந்த துளையின் ஓரத்தில் உராய்ந்த தடம் தெரிந்தால் வாங்கலாம்.